வாட்ஸ் கணக்கும் வாவிக்கரை ஒலிபெருக்கியும்

படுவான்கரைக் கிராமமொன்றின் ஆலய நிர்வாக சபையினர் சில காலத்துக்கு முன்னர் ஓர் ஒலிபெருக்கித் தொகுதி வாங்கினார்கள். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் அவ்வூர்ப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய பணம் அது. விற்றவர் சொன்ன அளவு 10,000 வாட்ஸ். ஆம்பிளிஃபயரின் முகப்பிலும் அதே எண் பொன்னிற எழுத்தில் மின்னியது. பார்க்க வருமாறு என்னை அழைத்தார்கள். நான் முகப்பைவிட முதுகைத்தான் கூர்ந்து பார்த்தேன். அங்கே ஒட்டியிருந்த சிறு தகட்டில் 230 வோல்ட், 400 வாட்ஸ் மின்நுகர்வு என்று எழுதியிருந்தது.

10,000 எங்கே, 400 எங்கே? ஆம்பிளிஃபயர் தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது. மிகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. நீண்டகாலமாகப் பாவனையில் உள்ள 'ஏபி' வகைச் சுற்றுகளில் கோட்பாட்டளவில்கூட 78.5 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. புதிய 'டி' வகைச் சுற்றுகள் 90 சதவீதத்தை எட்டலாம். எதுவாயினும் வாங்கியதற்கு மேல் தொடர்ந்து கொடுக்க முடியாது.

விற்பனையாளர் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இசை ஒரே மட்டத்தில் ஒலிப்பதல்ல. மத்தளத்தில் ஓர் அடி விழும் கணத்தில் தேவைப்படும் சக்தி மிகப் பெரிது. அடுத்த கணம் மிகச் சிறிது. அதனால் சராசரியாக உச்சத்தின் எட்டிலொரு பங்குதான் செலவாகும் என்று வைத்துக்கொண்டு, மின்நுகர்வை அந்த நிலையில் அளந்து எழுதும் நிறுவனங்கள் உண்டு. இந்தச் சலுகையை முழுமையாகக் கொடுத்துக் கணக்குப் பார்த்தாலும், அந்த ஆலயத்து ஆம்பிளிஃபயர் இரண்டாயிரம், மிஞ்சினால் மூவாயிரம் வாட்ஸைத் தாண்டாது. பத்தாயிரத்துக்கு எந்த வழியிலும் போய்ச் சேர முடியவில்லை.

எண் எங்கிருந்து வந்தது? பெட்டியின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். உச்ச இசைச் சக்தி வெளியீடு என்று பொருள் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு எந்தத் தர நிறுவனமும் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் கிடையாது. ஒரு கணத்தின் உச்சத்தை எடுத்து, ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, சிதைவைக் கணக்கில் எடுக்காமல் விட்டு, விளம்பரப் பிரிவுக்குப் பிடித்த தொகை வரும்வரை போய்க்கொண்டே இருக்கலாம். கணினியோடு பொருத்தும் சிறிய ஒலிபெருக்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய யு.எஸ்.பி. துளையிலிருந்து கிடைப்பது 5 வோல்ட், அரை அம்பியர். ஆக மொத்தம் 2.5 வாட்ஸ். அதன் பெட்டியில் 300, 500 என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டுக்கு வாங்கும் பல பெட்டிகளுக்குள் இருந்த 'டி.டி.ஏ. 2030' என்ற சில்லின் உண்மை வெளியீடு, அதை உருவாக்கியவர்களின் தரவுத்தாளின்படி, 4 ஓம் சுமையில் 14 வாட்ஸ். அந்தத் தரவுத்தாளை எவரும் பார்க்கலாம். பெட்டியை வாங்குகிறவர் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. ஐக்கிய அமெரிக்காவிலும் 1960களில் இதே கூத்து நடந்தது. பொறுக்க முடியாமல் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு 1974இல் வீட்டுப் பாவனை ஆம்பிளிஃபயர்களுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. பின்னர் ஓட்டைகள் பெருகின. ஒரு சதவீதச் சிதைவோடு அளந்தவரும் பத்துச் சதவீதச் சிதைவோடு அளந்தவரும் ஒரே சந்தையில் நின்றார்கள். 2024இல் விதியைத் திருத்தி, 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான வீச்சு, ஒரு சதவீதத்துக்குக் குறைந்த சிதைவு என்று பொது அளவுகோல் வகுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் திருத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே வாட்ஸ் என்ற சொல்லின் கவர்ச்சியை ஊகிக்கலாம்.

எண் பெரிதானால் ஓசையும் அதே அளவு பெரிதாகும் என்பதுதான் இதற்கெல்லாம் மூலமான மயக்கம். காது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. சக்தியை இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும், அவதானித்தால்தான் தெரியும். ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தி ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 1,000 வாட்ஸ் தொகுதி 100 வாட்ஸ் தொகுதியைவிடப் பத்து மடங்கு உரத்ததன்று, இரு மடங்கே. ஒலிபெருக்கியின் திறனும் முக்கியம். ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் வீட்டுப் பெட்டி சுமார் 88 டெசிபெல் தரும்; கோயில் மரத்தில் கட்டும் பழைய கூம்பு ஒலிபெருக்கி சுமார் 108 தரும். இருபது டெசிபெல் வித்தியாசம் என்றால் சக்தியில் நூறு மடங்கு. பேச்சுக் குரலை ஊர் எல்லைவரை கொண்டுபோக 30 வாட்ஸ் கூம்பு ஒன்று செய்வதை, பளபளக்கும் பெரிய பெட்டிகள் செய்யாமல் போவது இதனால்தான்.

இது பாட்டுக் கேட்கும் விஷயம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரையின் பல ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அப்படியான இரவுகளில் ஓர் ஊருக்கு எச்சரிக்கை சொல்ல மிஞ்சுவது கோயிலினதோ பள்ளிவாசலினதோ ஒலிபெருக்கிதான். மின்சாரம் நின்றுபோனால் கார் பற்றரியில் இயங்கும் சிறு ஆம்பிளிஃபயரும் இரண்டு கூம்புகளும் போதும். திருவிழாப் பெட்டிகளுக்குப் பணம் கொடுத்த சபைகள் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. இரவில் வாவியின் மேற்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று வெப்பமாகவும் இருக்கும்போது ஒலி மேலே போகாமல் வளைந்து நீரை ஒட்டியே வரும். படுவான்கரையில் போட்ட பாட்டு எழுவான்கரையில் தூங்குகிறவரை எழுப்புவது இப்படித்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் பணித்தது. மீன்கள் பாடுவதைக் கேட்கத் தோணியில் போய், துடுப்பை நீரில் நிறுத்தி மறுமுனையில் காதை வைப்பார்கள் எங்கள் ஊரில். அந்த ஓசைக்கு வாட்ஸ் கணக்குப் போட்டால் தசமத்துக்குப் பின் எத்தனை பூச்சியம் வருமோ! அதைக் கேட்கவும் ஓர் அமைதி வேண்டுமல்லவா? பௌதிகம் பயின்று 'யாழ் நூல்' எழுதிய விபுலானந்த அடிகள் பிறந்த மண் இது. சுருதியைக் கணக்காக அளந்த மனிதர் அவர்.

பத்திரிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமைச்சர் சொன்ன புள்ளிவிபரத்தைத் துருவிப் பார்க்கும் ஆசிரிய பீடங்கள், அதே பக்கத்தின் கீழ் மூலையில் வரும் 5,000 வாட்ஸ் விளம்பரத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் அச்சேற்றுகின்றன. விளம்பரத்துக்குப் பணம் வருகிறது, அவ்வளவுதான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் மக்களைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. ஆனால் வாய்ச்சொல்லை வைத்து முறையிடுவது கடினம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அன்பர்கள் தங்கள் ஊர்ச் சபைக்கு இதைச் சொல்லுங்கள்: தொடர்ச்சியான 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ் எத்தனை, எத்தனை ஓம் சுமையில், எத்தனை சதவீதச் சிதைவில், எல்லா வழிகளும் ஒருங்கே இயங்கும்போதா என்று கேட்டு, விடையைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.