தர்கா வாசலில் ஒரு மருத்துவர்

மனநோயாளிகளைக் குடும்பங்கள் அழைத்துவரும் தர்கா உள்ள, தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களையும் சேர்த்து 28 மனநோயாளிகள் உயிரிழந்தார்கள். மனநோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் தர்காவுக்கும் கோயிலுக்கும் ஏன் கொண்டுவருகிறார்கள் என்ற கேள்வி அன்று உரக்க எழுந்தது, இன்றும் எழுகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது போய்ச் சேரும் இடம் சரியில்லை. அந்த உயிர்களைப் பறித்தவை சங்கிலியும், கேட்பாரற்றுக் காப்பகம் நடந்த நிலைமையும், எட்டும் தூரத்தில் சிகிச்சை இல்லாத அவலமும்தான். தர்காவில் கையேந்திய குடும்பங்கள் உதவி கேட்டு வந்தவர்கள். அவர்களுக்கு உதவி கிடைக்கவில்லை.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் கோளாறுகளின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறாமல் இருந்தார்கள். மகனுக்குச் சித்தம் கலங்கியதென்று தவிக்கும் ஒரு தாயின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். போய்வர ஒரு நாள் கூலி போகும். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் வேறு. ஏர்வாடி தர்காவிலோ, வருபவரிடம் மதமோ சாதியோ கேட்பதில்லை. நோயாளியோடு குடும்பமும் தங்கலாம். தர்காவில் அடங்கியிருக்கும் மகானிடமிருந்து கனவில் உத்தரவு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. யார் அழுதாலும் அங்கே வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. நம் மருத்துவமனைகள் எத்தனையில் இந்தக் கண்ணியம் கிடைக்கிறது?

பிரார்த்தனை நோயைக் குணப்படுத்துமா என்ற கேள்வியையும் நேராகவே எதிர்கொள்ளலாம். அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. முகமறியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தவர்களிடம் அவை சற்று அதிகமாகவே காணப்பட்டன. ஆனால், நோயாளி தானே ஒரு புனிதத் தலத்தில் தங்கி வழிபடுவது வேறு விஷயம். தென்னிந்தியாவில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே மருந்தும் இல்லை, சங்கிலியும் இல்லை. எளிய கோயில் பணிகளும், உறவினரின் துணையும், பரிவான சூழலும் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதைக் கொண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆபத்து. வழிபாட்டிடம் தரும் ஆறுதலை மருத்துவம் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது போதுமான சான்று என்று நினைக்கிறேன்.

குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதர் தர்காவில் இதைச் செய்து காட்டினார்கள். துஆ என்னும் பிரார்த்தனையை ஓதும் தர்காப் பணியாளர்களான முஜாவர்களே நோயின் அறிகுறிகளை அறிந்து, வளாகத்திலுள்ள மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். பின்னர் ஏர்வாடி தர்காவிலும் அரசின் மனநலச் சிகிச்சை வந்தது. அரசே மூடநம்பிக்கைக்கு முத்திரை குத்தலாமா என்று பகுத்தறிவாளர்கள் கேட்பார்கள். மருத்துவர் அங்கே துஆவைப் பரிந்துரைக்கவில்லை, மருந்து கொடுக்கிறார். நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போவதை மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது. புனித இடத்தில் ஊசி மருந்துக்கு என்ன வேலை என்று பக்தர்களில் சிலர் நினைக்கலாம். உனாவா முஜாவர்கள் தங்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலேதான் நோயாளிகளை அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு, வழிபாட்டிடத்தில் தங்குவதால் சிகிச்சை தாமதமாகிறது என்பது. அது உண்மை. மனச்சிதைவு நோயில் சிகிச்சையற்றுப் போகும் காலம் நீளநீள, மீள்வது கடினமாகும். அந்தத் தாமதத்தைக் குறைக்கவே, குடும்பம் முதலில் வந்து நிற்கும் வாசலில் மருத்துவர் இருக்க வேண்டும் என்கிறோம்.

எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. அந்தத் தடையைக் கண்காணிப்பதோடு அரசின் வேலை முடிந்துவிடாது. மனநோயாளிகள் பெருமளவில் வரும் தர்கா, கோயில், தேவாலயம் ஒவ்வொன்றிலும் மனநல மருத்துவர் வரும் நாளும், தடையின்றி மாத்திரையும், ஊர் திரும்பியவரைத் தொடர்ந்து விசாரிக்கும் செவிலியரும் வேண்டும்.