களை இல்லாத புஞ்சை உண்டா?

பட்டணத்து நண்பர்களே, லீவு நாளிலும் எதையாவது செஞ்சு முடிச்சாத்தான் நிம்மதின்னு ஓடுறீங்க. பங்குனியில் பருத்தி எடுத்து முடிஞ்சதும் எங்க கரிசல் புஞ்சையைச் சும்மா போட்டுடுவோம். வெயிலில் பாளம் பாளமா வெடிக்கும். அதை யாரும் சோம்பேறி நிலம்னு சொல்றதில்லை. அடுத்த மழை ஆழமா இறங்குறதே அந்த வெடிப்பு வழியாத்தான்.

நானும் அந்த மாசங்களில் மத்தியானம் வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு கி.ரா. புத்தகம் படிப்பேன். இடைசெவல் சம்சாரி அவர். 1991-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினவர். நாலு பக்கத்தில் கண்ணு சொருகுனா தூங்கிடுவேன். முடிச்சே ஆகணும்னு யார் கேட்கிறா?

வரப்பு கோணல்தான். களையும் முழுசாப் போனதில்லை. ஆனாலும் பருத்தி வெடிக்கத்தான் செய்யுது. வீட்டில் ரெண்டு வேலை பாக்கி கிடந்தா கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரமாவது மனசைத் தரிசா போடுங்க.