ரயில் வரும்போது டிக்கெட்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்தபோது நடுவில் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. ராத்திரி 2 மணிக்கு எழுப்பி, "கையெல்லாம் சில்லுனு இருக்கு பாப்பா" என்பார்.

சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்த அக்கா ஒருவர், நல்ல மனதோடுதான் சொன்னார்: "விசுவாசம் இருந்தா பயம் வரக் கூடாதுக்கா." அவர் கிளம்பிப் போனதும் அம்மாவின் கவலை இரண்டாகிவிட்டது. ஒன்று ஆபரேஷன். இன்னொன்று, தன் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்பது.

அன்று ராத்திரி அம்மாவுக்குச் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

நெதர்லாந்தில் ஹார்லெம் என்றொரு ஊர். அங்கே கடிகாரக் கடை வைத்திருந்தவர் காஸ்பர் டென் பூம். வாராவாரம் திங்கட்கிழமை ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் போய், சரியான மணி பார்த்து வந்து கடைக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார். அவருடைய கடைக்குட்டி மகள் கோரி, சின்ன வயதில் ஒரு வீட்டில் இறந்துபோன குழந்தையைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். 'அப்பாவும் ஒருநாள் செத்துப்போவாரா?' என்று ராத்திரி ஒரே அழுகை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். நாம் ரயிலில் போகும்போது உன் டிக்கெட்டை எப்போது உன் கையில் தருவேன்? ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்றாள் குழந்தை. (இன்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், 60 நாளைக்கு முன்பே போனில் வந்துவிடுமே என்பார்கள்.) தேவையான தைரியத்தைக் கடவுளும் அப்படித்தான், தேவைப்படும் நேரத்தில் தருவார் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார் அப்பா.

1940-ல் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். கடிகாரக்காரர் வீட்டுக் கதவு அவர்களுக்குத் திறந்தது. மாடியில், கோரியின் படுக்கையறையில், பொய்ச் சுவர் ஒன்று எழுப்பி அதன் பின்னால் ஒளிவிடம் கட்டினார்கள். போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று வீட்டுக்குள்ளேயே ஒத்திகை நடக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஐம்பது வயது கோரி, ஒத்திகையில் ஃபெயில்! தூக்கத்தில் உலுக்கி எழுப்பி, 'உன் ஒன்பது யூதர்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?' என்று கேட்டால், அரைத்தூக்கத்தில், 'இப்போது ஆறு பேர்தானே இருக்கிறார்கள்' என்று உளறிவைத்தார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பச் சொதப்பினார். தன்னால் முடியாது என்றே நினைத்தார். விசுவாசத்தில் ஊறிய குடும்பம்தான், தினமும் வேதம் வாசிக்கும் வீடுதான். அப்படியும் பயம் இருந்தது.

1944 பிப்ரவரி 28. நிஜமாகவே வந்துவிட்டார்கள். கோரி அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். அறைந்து, அடித்துக் கேட்டார்கள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. குடும்பத்தையே கைது செய்து கொண்டுபோனார்கள். சுவருக்குப் பின்னால் ஆறு பேர் சுமார் 47 மணி நேரம் நின்றும் நெருங்கி உட்கார்ந்தும் தாக்குப்பிடித்தார்கள். சோதனை போட்ட போலீஸ் அந்த ஒளிவிடத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை.

அப்பாவுக்கு அப்போது 84 வயது. இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போனால் நாளைக்கும் கதவைத் தட்டுகிறவர்களுக்குத் திறப்பேன் என்றார் கிழவர். பத்தே நாளில் இறந்துபோனார்.

கோரியும் அக்கா பெட்ஸியும் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்குப் போனார்கள். தங்கியிருந்த கொட்டடி முழுக்கத் தெள்ளுப்பூச்சி. அதற்கும் சேர்த்துக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம் என்றார் பெட்ஸி. கோரிக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை. எனக்கும் இல்லை, சொல்லப்போனால்! ஆனால், அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வரவில்லை என்பதும், அதனால்தான் ஒளித்துக்கொண்டுவந்த பைபிளைப் பெண்கள் கூடி வாசிக்க முடிந்தது என்பதும் பிறகு தெரியவந்தது.

எல்லாம் சுபமாக முடியவில்லை. 1944 டிசம்பரில் பெட்ஸி முகாமிலேயே இறந்தார். சில நாட்களில் கோரி விடுதலையானார். அது அலுவலகத் தவறால் நடந்தது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. 1947-ல் மியூனிக்கில் ஒரு கூட்டத்தில் பேசி முடித்தபோது, அதே முகாமின் பழைய காவலன் மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினான். கோரியால் கையைத் தூக்க முடியவில்லை. உள்ளுக்குள் ஜெபித்தபடி, கையை மட்டும் எப்படியோ நீட்டினார். மன்னிக்கும் மனசு அதற்குப் பிறகுதான் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

கதையைக் கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தம்மாவே பயந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று காலை. பச்சை கவுன் போட்டு, வீல்சேரில் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டுபோனார்கள். வளையலையும் கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்தார். விரல்கள் அப்போதும் சில்லென்றுதான் இருந்தன.

"டிக்கெட் வந்துச்சாம்மா?" என்றேன்.

"கதவு இன்னும் திறக்கலையே" என்றார். சிஸ்டர் வந்து கதவைத் திறந்தார்.