தேறலுக்கு ஒரு தமிழ்

சிவப்பு ஒயினின் ருசியை விவரிக்கும் ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழில் பெயர்க்கச் சொல்லிப் பாருங்கள். 'அதெல்லாம் நம் பண்பாட்டிலேயே கிடையாது. வார்த்தைக்கு எங்கே போவது?' என்று கையை விரிப்பார்கள். பண்பாட்டில் உண்டு, வார்த்தையும் உண்டு. நாலு பேர் முன்னால் அதைச் சொல்லும் துணிச்சல்தான் இல்லை.

செம்பூரில் நண்பர் ஒருவர் வீட்டில் அவ்வப்போது ஒரு சிறு குழு கூடும். மருத்துவர் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மாதுங்காத் தமிழர்கள் இருவர், மராத்திப் பேராசிரியர் ஒருவர். வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலம் இறக்குமதித் தீர்வையே 150 சதவீதம் என்பதால் பாட்டிலை எல்லோரும் பங்கு போட்டுத்தான் வாங்குவார்கள். மும்பையின் வெக்கையில் ஒயின் சீக்கிரமே கெட்டுவிடும். 12, 13 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அதனால் பாட்டிலுக்குத் தனி ஃப்ரிட்ஜ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து வயது தாண்டிய போர்தோ ஒயினைத் திறந்தார்கள். "டானின் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார் பேராசிரியர். "துவர்ப்பு" என்றேன். வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் தின்று வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடம் கொடுத்த மொழி நம்முடையது.

அந்தத் துவர்ப்பு திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. இளம் ஒயினில் நாக்கைப் பிடித்து இழுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, நிறப்பொருளையும் இழுத்துக்கொண்டு அடியில் படிகின்றன. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகிறது. முரட்டுத்தனம் போய் மென்மை வருகிறது. பரிமாறுவதற்கு முன் பாட்டிலை அசைக்காமல் சாய்த்து, மண்டியை அடியிலேயே விட்டுவிட்டு மேல்தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு மாற்றுகிறார்கள்.

இதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: தேறல். தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைக் கபிலர் பாடியிருக்கிறார் (புறநானூறு 120). யவனர்கள் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் சொல்கிறார் (புறநானூறு 56). புலவர் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடித் துண்டுகள் கிடைத்தன.

அடுத்து ஷாம்பெயின். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைப்பதால் வரும் நுரை அது. உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரண ஷாம்பெயின் குறைந்தது 15 மாதங்களும், ஆண்டு குறிப்பிட்ட ரகம் 3 ஆண்டுகளும் முதிர வேண்டும் என்பது பிரெஞ்சு விதி. மடிந்த ஈஸ்ட் மெல்லச் சிதைந்து ரொட்டி வாசனை தரும். முகர்ந்து பார்த்த மாதுங்காக்காரர் "புளித்த இட்லி மாவு சார்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று சொல்லப்பட்ட வர்ணனைகளில் அதுதான் துல்லியம். இந்த முறை நமக்கு எட்டாததும் அல்ல. புனே அருகே நாராயண்காவில் இண்டேஜ் நிறுவனம் 1980களிலேயே பிரெஞ்சு உதவியோடு நுரைக்கும் ஒயின் தயாரித்து ஏற்றுமதியும் செய்தது.

இவ்வளவு இருந்தும் மதுவைப் பற்றித் தமிழில் பேச இன்று நமக்கு இரண்டே குரல்கள்: ஒன்று வசவு, இன்னொன்று வீறாப்பு. ருசியைப் பேசும் மூன்றாவது குரல் எங்கே போயிற்று?

மும்பையில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. 1949இல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம், குடியை ஒழிக்காமல் ஒளித்தது. தாராவியின் சந்துகளில் கள்ளச்சாராயம் காய்ந்தது. வரதராஜ முதலியார் போன்றவர்களின் சாம்ராஜ்யம் அதில்தான் எழுந்தது. காய்ச்சியவர்களிலும் சுமந்தவர்களிலும் குடித்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. போலீஸ் வருவதற்குள் விழுங்க வேண்டிய திரவத்தில் எவரும் ருசி பார்ப்பதில்லை. 2015 ஜூனில் மாலாட் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் நூறு பேருக்கு மேல் கொன்றது. மலிவாகவும் மறைவாகவும் குடிக்க வேண்டியிருந்த ஏழைகள்தான் செத்தார்கள்.

குடியால் குலைந்த குடும்பங்களை நானும் அறிவேன். எல்லோரும் குடிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். எதைக் குடிக்கிறோம், எவ்வளவு குடிக்கிறோம் என்று வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவனுக்கு ஒரு கோப்பையோடு நிறுத்தவும் தெரியும். பேசுவதற்குச் சொல் வேண்டும். அந்தச் சொற்களைச் சங்கப் பாட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் நாம்.

மகாராஷ்டிரத்தில் இன்றும் சட்டப்படி குடிப்பவர் கையில் பெர்மிட் இருக்க வேண்டும். எதற்காகக் குடிக்கிறார் என்பதற்கு அதில் அச்சிட்டிருக்கும் காரணம், உடல்நலம் பேணுவதற்காம். அதியமானோடு அமர்ந்து கள் அருந்தியதை ஔவை சபையறியப் பாடினாள். அவளிடம் யாரும் பெர்மிட் கேட்கவில்லை.