நாளுக்கொரு பாடல், நம் குரலில்

பழந்தமிழ்ப் பாடல் ஒன்றை நாள்தோறும் வாய்விட்டுப் படித்து, கைப்பேசியில் பதிவுசெய்து, உற்றார் நண்பர்களுக்கு அனுப்பும் பழக்கம் இன்று பலரிடம் காணப்படுகிறது. இத்தனை நாள் இடைவிடாது படிப்பேன் எனச் சவாலாக ஏற்போரும் உண்டு. இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் சரியன்று. கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் வாழும் தமிழர்களுக்கு இது மிகத் தேவையான பயிற்சி என்பது என் கருத்து.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் பொறுப்பில் தங்கவயல் சுரங்கங்கள் வளர்ந்தபோது, வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அங்குக் குடியேறின. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உழைத்த அம்மக்கள் படிப்பையும் போற்றினர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு இங்கு வாசகர்கள் இருந்தனர். மாரிக்குப்பத்தில் தமிழ்ப் பௌத்தர்களின் சங்கம் இயங்கியது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னாளில் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஆத்திசூடிக்கும் குறளுக்கும் உரை எழுதியவர் அப்பண்டிதர். எனவே, பழைய இலக்கியம் இவ்வூருக்கு அயலானதன்று.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயலின் மக்கள் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். பிள்ளைகள் பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கற்கின்றனர். இது வாழ்வின் தேவை, குறை கூறுதற்கில்லை. ஆனால், வீட்டில் தடையின்றித் தமிழ் பேசும் பிள்ளை, தமிழ்ப் பக்கம் ஒன்றைத் தந்தால் எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறது. பேச்சு நிலைத்திருக்க, எழுத்து நழுவுகிறது. எழுத்து நழுவிய மொழி, சில தலைமுறைகளில் அடுக்களை மொழியாகச் சுருங்கிவிடும்.

இங்குதான் குரல்பதிவு உதவுகிறது. மௌனமாகப் படிக்கும்போது அறியாத சொல்லைத் தாண்டிச் சென்றுவிடலாம். வாய்விட்டுப் படிக்கும்போது அது இயலாது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை நாவே காட்டிக்கொடுக்கும். இன்றைய கன்னட எழுத்தில் ழகரம் இல்லை. பழங்கன்னடத்தில் இருந்து பின்னர் வழக்கொழிந்தது. ஆகவே, கன்னடப் பள்ளியில் பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு இப்பயிற்சி இருமடங்கு தேவை. செய்யுளில் எங்கே சொல்லைப் பிரிப்பது, எங்கே நிறுத்துவது என்பதும் படித்தால்தான் விளங்கும். தன் குரலைத் தானே கேட்பவர் தன் பிழையைத் தானே அறிவார். ஆசிரியர் அருகில் இல்லாத இடத்தில் அப்பதிவே ஆசிரியர்.

நாளுக்கொரு குறள் எனப் படித்தால் 1330 குறட்பாக்களும் நிறைவுற ஏறத்தாழ மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி என்றால், முழுப் பதிவும் நான்கு மணி நேரத்தை எட்டாது. தொடர் வைப்புக் கணக்கில் சிறுதொகையைத் தவறாது செலுத்துவோர் இக்கணக்கின் பயனை எளிதில் உணர்வர்.

எனினும், ஓர் எச்சரிக்கை வேண்டும். நாட்களின் எண்ணிக்கையும் பாராட்டுக் குறிகளுமே நோக்கமானால், பொருள் உணராத ஒப்பித்தல் மட்டுமே எஞ்சும். இதற்குக் கருநாடகத்திலேயே நல்ல வழிகாட்டி உண்டு. கமகம் என்னும் கலையில், ஒருவர் பழைய கன்னடக் காவியத்தை இசையோடு படிக்க, மற்றொருவர் அதன் பொருளை மக்களுக்கு விளக்குவார். இக்கலைக்காக எச்.ஆர். கேசவமூர்த்தி 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் பதிவும் இவ்வாறே இரு பகுதிகளாக அமையலாம்: முதலில் பாடல், அடுத்து, அதன் பொருள் வீட்டுப் பேச்சில். பேரப்பிள்ளை பாடலைப் படிக்க, பாட்டி பொருள் சொல்லலாம். தங்கவயல் தமிழில் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிப்பதற்கு நாணவேண்டியதில்லை. அதுவும் பாதுகாக்கத்தக்க தமிழே.

குரலுக்கு இன்று வேறொரு மதிப்பும் உண்டு. 2023 செப்டம்பரில் அறிமுகமான 'ஹலோ! யூபிஐ' என்னும் குரல்வழிப் பணப் பரிமாற்றம் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே தொடங்கியது. இத்தகைய சேவைகள் தமிழில் சிறக்க, பலவகைத் தமிழ்க் குரல்கள் வேண்டும். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' தளமும், நடுவண் அரசின் 'பாஷினி' திட்டத்தின் 'பாஷா தான்' பகுதியும், தாம் தரும் வாக்கியங்களைப் படித்துக் குரல்கொடை அளிக்க மக்களை அழைக்கின்றன. நாள்தோறும் படித்துப் பழகிய நாவுக்கு அது எளிய பணி. ஒரே வட்டாரத்தின் குரல் மட்டுமே அங்குச் சேர்ந்தால், நம் முதியோரின் பேச்சு இயந்திரத்திற்குப் புரியாமலே போகும்.

படிக்க நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1998 முதல் மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பரிடம் இருந்தது, 1949இல் அது அரசின் கைக்கு வந்து, பின்னர்ப் பாடல்கள் மக்களின் பொதுவுடைமையாயின. தற்கால உரைகளைப் படித்துப் பகிர்வதாயின் பதிப்புரிமையைக் கவனித்தல் வேண்டும்.

பாதுகாப்பும் முக்கியம். பொதுவெளியில் பகிரும் பதிவில் பிறந்தநாள், கைப்பேசி எண், வங்கி விவரங்கள் இடம்பெறலாகாது. குரலைப் போலியாக உருவாக்கிப் பணம் கேட்போர் உளர். தெரிந்த குரலே அவசரமாகப் பணம் கேட்டாலும், அவருடைய எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதிசெய்க. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுக.

சிறுவர்கள் 109 அடிகள் கொண்ட ஆத்திசூடியில் தொடங்கலாம். இளைஞர்கள் குறளை மேற்கொள்ளலாம். பழகியோர், மாரிக்குப்பத்துப் பௌத்தப் பெரியோர்களை நினைந்து, மணிமேகலையின் முப்பது காதைகளைப் பகுதி பகுதியாகப் படிக்கலாம். செலவில்லை, நாளில் இரண்டு நிமிடம் போதும். ஓராண்டு கழித்து முதல் நாள் பதிவையும் அன்றைய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், வளர்ச்சி செவிக்கே புலப்படும்.