கஞ்சியும் கூலியும்

ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் பணியாற்றும் நமக்குக் காலைக் கூட்டமே ஒரு சோதனை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் ஒருவன் மயங்கிச் சாய்வான். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால், "வெறும் தேத்தண்ணி, சேர்" என்பான். நாட்டுக்கு அந்நியச் செலாவணியைக் கொழுந்தாகக் கிள்ளிக் கொடுக்கும் தாயின் மகன் அவன்!

இது ஒரு பிள்ளையின் கதையன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டங்களிலோ 32 சதவீதம்.

மலையகத்தில் தரும சிந்தனைக்குப் பஞ்சமில்லை. மாரியம்மன் திருவிழாவில் அன்னதானம், வெசாக்கில் தன்சல், நோன்பு மாதத்தில் கஞ்சி, நத்தாருக்கு உலருணவுப் பொதி. கொடுத்த கைகளை நாம் இகழவில்லை. பசித்தவனுக்கு முதலில் வேண்டியது சோறுதான். ஆனால், பொதி தீர்ந்த மறுநாள் என்ன?

பசி வானத்திலிருந்து பெய்வதன்று. கொழுந்தின் நிறை குறைந்ததென்று 'அரைப் பேர்' போடும் தராசில் அது பிறக்கிறது. ஆயிரம் ரூபா நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கில் போராடினோம். 2021இல் அது கிடைத்தது. மறு ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, உணவு விலை ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. கூலியோ நின்ற இடத்திலேயே நின்றது. 2024 செப்டெம்பரில்தான் அது 1,350 ரூபாவாயிற்று. எந்த அன்னதானம் இந்தப் பள்ளத்தை நிரப்பும்?

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அதற்குச் சற்று முன்னர், 1972இல், இயேசு சபைத் துறவி பால் கஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம், இனங்களையும் மதங்களையும் கடந்து மனிதரை ஒன்றுகூட்டியது. தோட்டத் தொழிலாளரின் உரிமையைத் தன் கேள்வியாக ஏற்றது. நாம் கற்கவேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

உரிமை என்னும்போது நிலத்தையும் மறக்கலாகாது. 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில், சிவனு லட்சுமணன் சுடப்பட்டு வீழ்ந்தார். ஒரு கீரைப் பாத்திக்கும் துரையின் அனுமதியை எதிர்பார்க்கும் குடும்பம் பசியை எப்படி வெல்லும்?

மதம் என்றாலே முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. "பூசகரோடும் பிக்குவோடும் நமக்கென்ன கூட்டு?" என்பர். லயத்தில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டே தொழிலாளி மலையேறுகிறாள். நம்பிக்கையைக் களைந்துவிட்டுப் போராட வா என்று அவளிடம் சொன்னால், தனித்து நிற்கப்போவது அவளல்லள், நாம்தான்.

மதத் தலைவர்களையும் கேட்கிறோம். நான்கு மதத்தாரும் ஒரே மேடையில் குத்துவிளக்கேற்றிப் படம் பிடித்துக்கொள்வதா ஒற்றுமை? துரையின் நன்கொடையில் திருவிழா நடத்தும் கோயில், அதே துரையிடம் நியாயக் கூலி கேட்குமா? விலைவாசியோடு சேர்ந்து ஏறும் கூலி, பயிர் செய்யச் சொந்தக் காணி — இவ்விரண்டையும் கோரும் மனுவில் குருக்கள், பிக்கு, பாதிரியார், மௌலவி ஆகிய நால்வரும் கையொப்பமிடட்டும். அதுவே மெய்யான ஒற்றுமை.

2024இல் உலகில் பசித்திருந்தோர் ஏறத்தாழ 67 கோடி என்கிறது ஐக்கிய நாடுகளின் அறிக்கை. உலகப் பசியை ஒழிக்க வேண்டும் என்று மாநாடுகளில் முழங்குவோர், முதலில் தம் கோபுர நிழலில் இருக்கும் லயத்தைப் பார்க்கட்டும். கையேந்துவோனுக்கு இடுவது தருமம். எவனும் கையேந்தாதிருக்கச் செய்வது அதனினும் பெரிய தருமம். அந்தத் தருமத்தில் மதங்கள் கூடட்டும். நாமும் தோள் கொடுப்போம்.