விலைமதிப்பற்றது என்னும் பித்தலாட்டம்

ஆச்சியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்திப்பாயைச் சுருட்டிய கையோடு சொத்துப் பேச்சு ஆரம்பித்தது. நகைகளைத் தராசில் வைத்தார்கள். வயலுக்கு சென்ட் கணக்கு. பித்தளை அண்டாவைக்கூட கிலோ போட்டு எழுதினார்கள். பரணில் மூன்று தகரப்பெட்டி நிறைய கொலு பொம்மை இருந்ததே, அதைக் கேட்டபோது பெரியப்பா ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்: "அதெல்லாம் விலைமதிப்பில்லாததும்மா. அம்மா ஞாபகார்த்தம். உங்க அத்தையே வச்சுக்கிடட்டும்."

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. கணக்கில் அந்த மூன்று பெட்டிக்கு எதிரே எழுதப்பட்டது பூஜ்யம். 'விலைமதிப்பற்றது' என்று எந்தப் பொருளைச் சொன்னாலும், அதை வைத்துக்கொள்ளப்போகிறவர் பெண்ணாக இருந்தால், அந்தச் சொல்லுக்கு ரூபாய்க் கணக்கில் அர்த்தம் அதுதான்.

இரண்டு வருஷம் கழித்து பெரியப்பா மகன் போன் பண்ணினான். வெளிநாட்டு ஏலத்தளம் ஒன்றில் ஜெர்மனியில் செய்த பீங்கான் சரஸ்வதியைப் பார்த்திருக்கிறான். விலையையும் பார்த்திருக்கிறான். "அத்தை, அந்தப் பெட்டில வெள்ளையா ஒரு சரஸ்வதி இருந்துச்சுல்லா?" விலைமதிப்பில்லாத பொருளுக்கு விலை வந்ததும் ஞாபகார்த்தம் காணாமல் போய், பங்கு வந்துவிட்டது.

அவன் அனுப்பிய படத்தில் இருந்தது ஒருவர் *கேட்ட* விலை. *விற்ற* விலை வேறு. முடிந்த ஏலங்களைத் தனியாகப் பார்க்க அதே தளத்தில் வசதி உண்டு, அதைத் தட்டிப் பார்க்க அவனுக்குப் பொறுமையில்லை. சரஸ்வதியின் முதுகில் நான்கு இலக்க எண் ஒன்று பதிந்திருந்ததை "அதுதான் செஞ்ச வருஷம்" என்று அடித்துச் சொன்னான். அந்த மாதிரி எண் பெரும்பாலும் அச்சின் எண். வருஷம் தேடுகிறவர்கள் நாட்டின் பெயரைத் தேட வேண்டும். 1887இல் பிரிட்டன் கொண்டுவந்த சரக்குக்குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் 'ஜெர்மனியில் செய்தது' என்ற முத்திரை பரவலானது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று இருந்தால் இன்னும் சுலபம், 1945க்கும் 1952க்கும் நடுவில். அந்த ஏழு வருஷத்துக்கு வெளியே அப்படியொரு நாடே கிடையாது.

ஆனால் மூன்று பெட்டியில் முத்திரை உள்ள பொம்மை நாலோ ஐந்தோதான். மிச்சமெல்லாம் மண். மண் பொம்மைக்கு எண் கிடையாது, கையெழுத்து கிடையாது. அதைக் கண்டுபிடிக்க மூளி தட்டின இடத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே சிவப்பாக இருந்தால் சுட்ட மண். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பெரும்பாலும் பின்னாளில் வந்தது. நார் நாராகப் பிரிந்து, பார்த்த உருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் கனமே இல்லாமல் இருந்தால் காகிதக்கூழ். பளபளவென்று கண்ணைச் சிமிட்டுகிற பாப்பா பொம்மையை வெந்நீரில் ஒரு நிமிஷம் காட்டி மோந்து பாருங்கள். சூடம் வாசனை அடித்தால் செல்லுலாய்டு. சூடம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். சிலர் சூடான ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது குப்பென்று பற்றிக்கொள்ளும் சாமான்.

பெரியப்பா மகன் இன்னொரு கண்டுபிடிப்பும் செய்தான். பொம்மையைச் சுற்றியிருந்த தினத்தந்தியில் 1958 என்று தேதி இருந்ததால் பொம்மையும் 1958ஆம்! கொலு முடிந்தால் கையில் கிடைத்த பேப்பரில் சுற்றி வைப்பார்கள், கிழிந்தால் அடுத்த வருஷம் மாற்றுவார்கள். கடைசியாக எப்போது சுற்றினார்கள் என்பதற்குத்தான் அந்தத் தேதி சாட்சி. பொம்மை எப்போது வந்தது என்று அத்தையிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஏன் யாரும் கேட்கவில்லை?

கேட்டால் அத்தைக்குத்தான் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும், அதனால்தான்.

எனக்கு வருகிற கோபம் இதில்தான். நம் தலைமுறை ஆட்கள் பாட்டி வீட்டுப் பொம்மையை முன்னால், பின்னால், அடியில் என்று மூன்று படம் எடுத்து, முன்பின் தெரியாத ஆட்களிடம் "இது என்ன, எவ்வளவு போகும்" என்று கேட்கிறோம். அடுத்த அறையில் அந்தப் பொம்மையை நாற்பது வருஷம் படியேற்றி இறக்கிய பெண் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறார். எது யாருக்குச் சீராக வந்தது, எதன் கை ஒடிந்து எப்போது ஒட்டியது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்ற வரலாறு இருந்தால் ஏலச் சந்தையில் தனி விலை. அத்தை சொன்னால் அது கதை, ஏலப் பட்டியலில் அச்சானால் ஆதாரமா?

நடுவில் வியாபாரி ஒருவரும் வந்துபோனார். ஊர் பேர் வேண்டாம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பழசுதான்மா, ஆன்டிக் இல்லை. மூணு பெட்டிக்கும் சேர்த்து மூவாயிரம் தாரேன்" என்றார். வாங்கும்போது பழசு, அவர் கடை வாசல்படி ஏறினதும் ஆன்டிக். சட்டப்படிப் பார்த்தால் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்கு நூறு வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தாண்டிய கைவினைப் பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. ஆகவே டாலர் விலையைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு. தசாவதார செட்டுக்கு எண்பதுகளில் எனாமல் பெயின்ட் அடித்தது சாட்சாத் என் அத்தைதான். சேகரிப்பாளர் யாரும் அதைத் தொடமாட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. பத்து நாள் ஊரார் பார்க்க வைக்கிற பொம்மையைப் பளிச்சென்று வைக்க அவருக்கு ஆசை, அடித்தார். இன்னொரு விஷயம்தான் உறுத்துகிறது. விளாச்சேரி, பண்ருட்டி என்று ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரிந்த எங்கள் வீட்டில், செய்த குயவர் ஒருவரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. ஆச்சி பேரம் பேசிய கதை மட்டும் தெரியும்.

பெரியப்பா மகன் கடைசியில் சட்டம் பேசினான். சரி, பேசலாம். 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவு. உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து மகன், மகள், கணவன் எல்லாருக்கும் சமமாகப் போகும். தாத்தா இல்லை, ஆகவே பிள்ளைகளுக்கு. பொம்மையில் பெரியப்பாவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதே பிரிவின்படி தராசில் ஏறிய ஆச்சியின் நகையில் அத்தையின் பங்கு எங்கே? "அவளுக்குத்தான் கல்யாணத்துலயே போட்டாச்சே" என்று அன்றைக்குச் சொன்னவர்கள், அது எந்தச் சட்டத்தில் எத்தனாவது பிரிவு என்று காட்டட்டும். நான் கேட்டேன். போன் கட்டாகிவிட்டது.

ஆகவே பொம்மைக்கு விலை போடாதீர்கள், மனசைப் பாருங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. விலை போடுங்கள். பதினாறாம் நாளே போடுங்கள். அண்டாவுக்கு எதிரே கிலோ எழுதுகிற அதே தாளில் பொம்மைக்கு எதிரேயும் ஒரு தொகையை எழுதுங்கள். அதற்கு முன்னால் வீட்டுப் பெண்களை உட்காரவைத்து ஒவ்வொன்றும் என்ன, எப்போது வந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

நாங்கள் போன மாதம் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எழுதினோம். அத்தை சொல்லச் சொல்ல நான் எண் போட்டேன். "ஏட்டி, வேகமா எழுது, எனக்கு மறந்துரும்" என்றார், எதுவும் மறக்கவில்லை. சரஸ்வதி ஆச்சியின் அம்மா வீட்டிலிருந்து வந்தது, இடது கை வீணை மேல் ஒட்டுப்போட்டது. செட்டியார் பொம்மை மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வாங்கியது, செட்டிச்சியின் காது மூளி. நூற்றி முப்பத்தேழு வரை வந்தோம். கடைசி மரப்பாச்சி. செம்மரம், ஆச்சிக்குக் கல்யாணத்தில் அவள் அம்மா கொடுத்த ஜோடி. ஜோடியாக இருந்தால்தான் விலை, ஒற்றைக்கு ஒன்றும் தேறாது என்று அந்த வியாபாரியும் சொல்லியிருந்தார்.

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதச் சொன்னார்: "நூத்தி முப்பத்தெட்டு. மரப்பாச்சி, பொம்பளை மட்டும். ஆம்பளை, பெரியண்ணன் வீட்டு ஷோகேஸ்ல."